இயந்திரங்களுக்கு ஓய்வுநாள் குறித்தல்

மாரி தொடங்குவதற்கு முன்னரே குளக்கட்டைத் திருத்தி, துருசைச் செப்பனிட்டு, வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது வன்னி நாட்டு வேளாளரின் நெடுங்கால வழக்கம். அறுவடை முடிந்து, குளத்தில் நீர் வற்றியிருக்கும் காலமே அவ்வேலைக்கு ஏற்ற காலம். பயிருக்கு நீர் பாயும் நாளில் துருசைக் கழற்ற எவரும் துணியார். பழுது கண்ட கட்டு இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும் என்று விட்டுவிடவும் எவரும் துணியார். வேலையைச் செய்தே தீரவேண்டும். அதை எப்போது செய்வது என்பதிலேதான் ஊரின் வாழ்வு தங்கியிருக்கின்றது.

மின்சாரத்தை ஆக்கி வழங்குவோரும் ஆண்டுதோறும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றனர். ஆயின் அவர்களுடைய நிலை வேளாளரின் நிலையிலும் கடினமானது. குளத்துக்கு வறட்சிக்காலம் என்று ஒன்று உண்டு. மின்சாரத்துக்கோ ஒருவரும் கேளாத காலம் என்று ஒன்று இல்லை. நள்ளிரவிலும் வைத்தியசாலையில் விளக்கு எரியவேண்டும். நீரேற்றும் பம்பிகள் ஓடவேண்டும். தொழிற்சாலைகளின் உலைகள் கனன்றுகொண்டிருக்கவேண்டும். அதோடு, பெருமளவு மின்சாரத்தை நெல்லைப் போலக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்து ஆறுதலாக எடுத்துச் செலவிடுவதும் எளிதன்று. கேட்கும் கணத்திலேயே அது ஆக்கப்படல் வேண்டும். இவ்வாறு இடைவிடாது உழைக்கும் இயந்திரங்களுக்கும் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். அந்த ஓய்வை எந்த வாரத்தில், எந்த இயந்திரத்துக்குக் கொடுப்பது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

ஓய்வு கொடாவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தொலைதூரத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாக உள்ளது. உருசியாவில் யெனிசே ஆற்றின் குறுக்கே சயானோ-சுசென்ஸ்கயா என்னும் பெரிய நீர்மின் நிலையம் உண்டு. ஒவ்வொன்றும் 640 மெகாவாற்று வலுவுடைய 10 பிறப்பாக்கிகள் அங்கே அமைக்கப்பட்டிருந்தன. 2009 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் திகதி காலை, அவற்றுள் 2 ஆம் இலக்கப் பொறியின் மூடி பிய்த்தெறியப்பட, அடியிலிருந்து பீறிட்ட நீர் இயந்திர மண்டபத்தை நிறைத்தது. 75 பேர் உயிரிழந்தனர். மூடியைப் பிணைத்திருந்த திருகாணிகளை ஆராய்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் உலோகக் களைப்பினால் உண்டான வெடிப்புகள் காணப்பட்டன. பொறியின் அதிர்வு அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தும் அது நிறுத்தப்படாது இயங்கியமை விசாரணையிலே தெரியவந்தது. உரிய காலத்தில் நிறுத்திப் பாராத இயந்திரம், தான் விரும்பிய நேரத்திலே தானாக நின்றுவிடும்.

அவ்வாறாயின், எல்லா இயந்திரங்களையும் அடிக்கடி நிறுத்திப் பழுதுபார்த்தால் ஆகாதோ எனின், ஆகாது. ஓர் இயந்திரத்தை நிறுத்தும்போதெல்லாம் நாட்டின் கையிருப்பிலுள்ள வலு அந்த அளவு குறைகின்றது. எதிர்பாராமல் வேறோர் இயந்திரம் பழுதடைந்தாற் கைகொடுப்பதற்கென ஓர் ஒதுக்கம் எப்போதும் இருத்தல் வேண்டும். ஒரே வாரத்தில் நான்கு இயந்திரங்களை நிறுத்திவிட்டால் அவ்வொதுக்கம் கரைந்துவிடும். மேலும், மலிவாக மின் ஆக்கும் இயந்திரம் நிற்கும்போது, அதனிடத்தை விலை கூடிய எண்ணெயில் ஓடும் இயந்திரம் நிரப்பவேண்டியிருக்கும். அந்த மேலதிகச் செலவு, பழுதுபார்க்கும் செலவையே விஞ்சிவிடுவதும் உண்டு.

இவற்றோடு நிபந்தனைகள் பலவும் சேர்கின்றன. ஒரு நிலையத்திலுள்ள இரு பொறிகளையும் ஒரே குழுவினரே திருத்துவதாயின், இரண்டையும் ஒருங்கே நிறுத்துதல் இயலாது. ஒரு வேலை ஆறு வாரம் எடுக்கும்; இன்னொன்று இரண்டு வாரத்தில் முடியும். சில பகுதிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவேண்டும். அவை கப்பலில் வந்துசேருமுன் வேலையைத் தொடங்குதல் வீண். அணுமின் நிலையமாயின் எரிபொருள் மாற்றும் காலத்தையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். குளிர் நாடுகளிலே மாரிக்காலத்தில் மின்கேள்வி உச்சம் அடைவதால், பெரும்பாலான வேலைகளைக் கோடையிலே நெருக்கிச் செய்கின்றனர். பிரான்சு தேசத்தில் வீடுகளை மின்சாரத்தால் வெப்பமூட்டும் வழக்கம் மிகுதி. மாரிக்காலத்தில் வெப்பநிலை 1 பாகை குறைந்தால், அங்கே மின்கேள்வி ஏறத்தாழ 2,400 மெகாவாற்றினால் உயருமெனக் கணித்திருக்கின்றனர். அத்தகைய நாட்டில் சனவரி மாதத்தில் ஒரு பேரியந்திரத்தை நிறுத்துவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முற்காலத்தில் இவ்வட்டவணையைக் கையினாலேயே தயாரித்தனர். சுவரில் ஒரு பெரிய தாளை மாட்டி, மேலே வாரங்களையும் பக்கத்தில் இயந்திரங்களின் பெயர்களையும் எழுதி, அனுபவம் வாய்ந்த பொறியியலாளர் ஒருவர் கட்டங்களை நிரப்புவார். எந்த நிலையத்து மேலாளர் எப்போது முறையிடுவார் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். அம்முறை பல்லாண்டு நன்றாகவே பயன்பட்டது. பின்னர், கணிதத்தின் உதவியை நாடினர். வாரந்தோறும் மின்தடை நேரக்கூடிய அபாயத்தை நிகழ்தகவு கொண்டு கணித்து, ஆண்டு முழுவதும் அது சமமாக இருக்குமாறு வேலைகளைப் பரப்பும் முறையை அமெரிக்கப் பொறியியலாளர் கார்வர் 1972 இல் வெளியிட்டார். 1975 இல் டொப்பாசோ, மெரில் என்னும் இருவர், முழுவெண் திட்டமிடல் என்ற கணித முறையால் மிகச் சிறந்த அட்டவணையைத் தேடும் வழியைக் காட்டினர்.

இம்முறைகளுக்கெல்லாம் இடையூறாக நின்றது எண்ணிக்கைதான். 20 இயந்திரங்கள் இருக்கின்றன என்றும், ஒவ்வொன்றையும் ஆண்டின் 52 வாரங்களுள் ஏதேனும் ஒன்றிலே தொடங்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் இயந்திரத்துக்கு 52 வழிகள். இரண்டாவதையும் சேர்த்தால் 52 ஐ 52 ஆற் பெருக்கிய 2,704 வழிகள். இவ்வாறே இருபதாவது இயந்திரம்வரை பெருக்கிச் சென்றால், 35 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். ஒரு செக்கனுக்கு 100 கோடி அட்டவணைகளைப் பரிசோதிக்கும் கணினி ஒன்று இருப்பினும், அத்தனையையும் பார்த்து முடிக்க அதற்குத் தேவைப்படும் காலம், இந்தப் பிரபஞ்சத்தின் வயதைப் போல நாலு கோடி மடங்கிலும் அதிகமாகும். சிறந்ததைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பார்ப்பது என்ற வழி, இங்கே அடியோடு அடைபட்டுவிடுகின்றது.

எல்லாவற்றையும் பார்க்காமலே நல்லதைக் கண்டடையும் வழி ஒன்றை இயற்கை மிக நீண்ட காலமாகக் கையாண்டு வருகின்றது. அதுவே கூர்ப்பு. 1859 இல் சாள்ஸ் டார்வின் அதனை உலகுக்கு விளக்கினார். ஓர் இனத்தில் பிறப்பவை அனைத்தும் ஒரே தன்மையனவல்ல, சூழலுக்கு ஏற்றவை தழைத்துத் தம் இயல்பைச் சந்ததிக்குக் கொடுக்கின்றன, ஏலாதவை அருகுகின்றன. நம் நாட்டு உழவர் இதனை நூலிற் படித்து அறியவேண்டியதில்லை. களத்துமேட்டில் நிறைந்த கதிர்களைத் தேர்ந்து விதைநெல்லாகக் கட்டிவைக்கும் ஒவ்வொருவரும் அத்தெரிவைத் தம் கையாற் செய்தவரே. 1950 களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த எச்-4 என்ற நெல்லினம், முருங்கைக்காயன் என்னும் உள்நாட்டு நெல்லையும், மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து உண்டாக்கப்பட்டதாகும். ஒன்றின் நற்குணமும் மற்றொன்றின் நற்குணமும் ஒரே கதிரிற் சேரக்கூடும் என்ற நம்பிக்கையே அத்தகைய கலப்பின் அடிப்படை.

இந்நம்பிக்கையை இயந்திர உலகுக்குக் கொண்டுவந்தோர் பலர். 1960 களில் பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கன்பேர்க், ஹான்ஸ்-போல் ஷுவேபெல் என்போர் மாணவராயிருந்தனர். காற்றுச் சுரங்கத்தினுள்ளே, ஐந்து கீல்களால் இணைக்கப்பட்ட தகடு ஒன்றை ரெக்கன்பேர்க் வைத்தார். ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் நிறுத்தலாம். ஆகவே தகடு எடுக்கக்கூடிய வடிவங்கள் 34 கோடியே 50 இலட்சத்துக்கு மேல். காற்றை ஆகக் குறைவாக எதிர்க்கும் வடிவம் எது என்பதே கேள்வி. கீல்களைத் தற்செயலாகச் சிறிது மாற்றினார். மாற்றத்தால் எதிர்ப்புக் குறைந்தால் அதை வைத்துக்கொண்டார். கூடினால் பழைய நிலைக்கே மீண்டார். வளைந்து நெளிந்து தொடங்கிய தகடு, சில நூறு படிகளில் ஏறக்குறையத் தட்டையாயிற்று. தட்டையே சிறந்தது என்று எவரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹொலண்ட் என்பார், கலப்பையும் சேர்த்த பிறப்புரிமை நெறிமுறை ஒன்றை வகுத்துவந்தார். அதுபற்றிய அவரது நூல் 1975 இல் வெளிவந்தது.

இந்நெறிமுறை பராமரிப்பு அட்டவணைக்கு எவ்வாறு பயன்படுகின்றது? ஐந்து இயந்திரங்களே உள்ள ஒரு சிறிய மின்தொகுதியை உதாரணமாகக் கொள்ளலாம். முதல் இயந்திரத்தை 4 ஆம் வாரத்திலும், ஏனையவற்றை முறையே 17, 23, 38, 45 ஆம் வாரங்களிலும் நிறுத்துவதாக ஓர் அட்டவணை இருக்கட்டும். அப்போது 4, 17, 23, 38, 45 என்ற ஐந்து எண்களின் வரிசையே அந்த அட்டவணையின் நிறமூர்த்தம் ஆகின்றது. இவ்வாறான நூறு வரிசைகளைக் கணினி முதலிலே தற்செயலாக உண்டாக்கிக்கொள்ளும். இது ஒரு குடித்தொகை. அவற்றுட் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. ஆயினும் அதனாற் குறையில்லை.

அடுத்து, ஒவ்வொரு வரிசையின் தகுதியையும் கணினி அளக்கின்றது. அவ்வட்டவணையைப் பின்பற்றினால் ஆண்டு முழுவதும் எரிபொருளுக்கு எவ்வளவு செலவாகும்? எந்த வாரத்திலாவது ஒதுக்கம் வேண்டிய அளவிலும் குறைகின்றதா? ஒரே குழுவினருக்கு ஒரே வாரத்தில் இரு வேலைகள் விழுகின்றனவா? மீறப்பட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு தண்டம் விதித்து, அதனைச் செலவோடு கூட்டுவர். கூட்டுத்தொகை எவ்வளவு குறைவோ, தகுதி அவ்வளவு அதிகம். தகுதி மிக்கவற்றுக்கே அடுத்த தலைமுறையிற் சந்ததி பெறும் வாய்ப்பு மிகுதியாக அளிக்கப்படும்.

பின்னர்க் கலப்பு நிகழும். மேலே சொன்ன வரிசையோடு 9, 12, 30, 36, 50 என்ற வேறொன்று சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டையும் இரண்டாம் எண்ணுக்குப் பின் வெட்டி, வால்களை மாற்றிப் பொருத்தினால், 4, 17, 30, 36, 50 என்றும், 9, 12, 23, 38, 45 என்றும் இரு பிள்ளைகள் பிறக்கும். இதனையே குறுக்குப் பரிமாற்றம் என்பர். ஒரு பெற்றோரில் முதலிரு இயந்திரங்களின் நாட்களும், மற்றதில் கடைசி மூன்றின் நாட்களும் நன்கு அமைந்திருந்தால், அவ்விரு நன்மையும் ஒரு பிள்ளையிலே கூடிவர வழி பிறக்கின்றது. இடையிடையே ஓர் எண்ணைத் தற்செயலாக மாற்றியும் விடுவர். 17 என்பது 19 ஆகலாம். இது விகாரம். விகாரம் இல்லாவிடில், சில தலைமுறைகளின் பின் எல்லா வரிசைகளும் ஒரே சாயலாகி, புதியது தோன்றும் வாய்ப்பே அற்றுப்போகும். அளவுக்கு மிஞ்சினாலோ, தேடி வைத்த நன்மையெல்லாம் சிதறிவிடும். இவ்வாறு அளத்தல், தேர்தல், கலத்தல், மாற்றுதல் ஆகிய நான்கையும் நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு மீண்டும் மீண்டும் செய்துவரக் குடித்தொகையின் தகுதி படிப்படியாக உயர்கின்றது.

இம்முறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1990 களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் உயர் அழுத்த மின்வலையை நடத்திவந்த தேசிய மின்வலைக் கம்பனியின் பராமரிப்பு வேலைக்கு இதனைப் பயன்படுத்த முடியுமா என ஆராய்ந்தனர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் லாங்டன், பிலிப் ட்ரெலீவன் ஆகியோர் அவ்வாராய்ச்சியை வெளியிட்டனர். அங்கே ஓய்வு கொடுக்கவேண்டியவை பிறப்பாக்கிகள் அல்ல, மின்பாதைகள். ஏறத்தாழ 40,000 மெகாவாற்று மின்சாரம் அவ்வலை வழியே பாய்ந்தது. ஒரு மின்பாதையை மூடினால், அதன் வழியே வந்துகொண்டிருந்த மின்சாரம் பௌதிக விதிகளுக்கு அமைய ஏனைய பாதைகளில் தானாகவே பங்கிட்டுப் பாயும். அவற்றுள் ஒன்று தன் கொள்ளளவை மீறுமாயின், மலிவான மின்நிலையம் ஒன்றின் உற்பத்தியைக் குறைத்து, வேறோரிடத்திலுள்ள விலை கூடிய நிலையத்தை இயக்கவேண்டும். பராமரிப்புச் செலவிற் பெரிய பகுதி இவ்வாறே உண்டாயிற்று.

ஆராய்ச்சிக்குத் தெற்கு வேல்ஸ் பிரதேசத்தைத் தெரிந்தெடுத்தனர். சுவான்சி, கார்டிப், நியூபோர்ட், பிரிஸ்டல் ஆகிய நகரங்களும், உருக்குத் தொழிற்சாலைகளும், சுற்றுப்புற ஊர்களும் அதில் அடங்கின. 275, 400 கிலோவோற்று அழுத்தங்களில் மின்பாதைகள் சென்றன. அபர்தோவில் நிலக்கரியாலும், ஓல்ட்பரியில் அணுசக்தியாலும், பெம்புரோக்கில் எண்ணெயாலும் மின் ஆக்கப்பட்டது. மேலும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து இரு வழிகளில் மின்சாரம் உள்ளே வந்தது. அந்த நிலக்கரி, அணு, எண்ணெய் நிலையங்கள் மூன்றும் பின்னர் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அன்றைய கேள்வி இன்றைய வலைக்கும் பொருந்தும். ஆண்டின் ஒவ்வொரு வாரத்திலும் மின்கேள்வி மாறுகின்றது. எந்தப் பாதையை எந்த வாரத்தில் மூடுவது?

இங்கே ஆராய்ச்சியாளர் கையாண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. வார எண்களை நேரே கலப்பதற்குப் பதிலாக, எந்தப் பாதையை முதலில் எடுத்துக்கொள்வது, எதை அடுத்து எடுப்பது என்ற ஒழுங்கையே நிறமூர்த்தமாக வைத்தனர். அவ்வொழுங்கின்படி ஒவ்வொரு பாதையையும் கையிலெடுத்து, அதுவரை குறித்தவற்றோடு முரண்படாமலும் ஆகக் குறைந்த செலவிலும் அமையக்கூடிய வாரத்தில் வைக்கும் வேலையை எளிய நிரல் ஒன்று செய்தது. கலியாண வீட்டுப் பந்தியிலே யாரை எங்கே இருத்துவது என்று முடிவுசெய்யும் பெரியவர், முதலில் இடக்கட்டுப்பாடு மிகுந்த முதியோரை இருத்திவிட்டு, எங்கும் அமரக்கூடிய இளையோரைக் கடைசியில் அழைப்பார். ஒழுங்கு தவறினால் பந்தி குழம்பும். அதுபோல, கடினமான பாதைகளை முன்னரே இருத்திவிடும் ஒழுங்கைக் கூர்ப்பு தேடிக்கொடுத்தது. மனிதன் எழுதிய எளிய விதியும், இயற்கையிடம் கற்ற தேடலும் இணைந்தபோது, செலவு குறைந்த அட்டவணைகள் கிடைத்தன. பின்னர், அவ்விதியை மனிதன் எழுதாமல், விதியாகிய கணினி நிரலையே கூர்ப்பினால் வளர்த்தெடுக்கும் முயற்சியும் நடைபெற்றது.

அட்டவணை செலவிற் குறைந்ததாக இருப்பது மட்டும் போதாது. ஒரு பாதை மூடப்பட்டிருக்கும் வேளையில், மின்னலினாலோ வேறு காரணத்தாலோ இன்னொரு பாதை துண்டிக்கப்பட்டால் மிஞ்சியவை அச்சுமையைத் தாங்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு வாரத்துக்கும், நேரக்கூடிய ஒவ்வொரு பழுதையும் நினைத்துக் கணிக்கவேண்டியிருப்பதால் வேலை பன்மடங்காகின்றது. ஆயினும் அதை விட்டுவிடுதல் இயலாது.

கூர்ப்பு நெறிமுறையின் சிறப்பைச் சொல்லும்போது அதன் குறையையும் மறைத்தலாகாது. அது தரும் விடை நல்ல விடை. அதனினும் சிறந்தது இல்லை என்ற உறுதியை அது தருவதில்லை. முழுவெண் திட்டமிடல் முறையோ, நேரம் வாய்க்குமாயின் அவ்வுறுதியைத் தரவல்லது. அண்மைத் தசாப்தங்களில் அதற்கான கணினி நிரல்களும் பெரிதும் வேகம் பெற்றுள்ளன. 1997 இல் வூல்பேர்ட், மக்றெடி என்னும் இருவர் நிறுவிய தேற்றம் ஒன்று, எல்லா விதமான கேள்விகளையும் ஒருசேர எடுத்துச் சராசரி பார்த்தால், எந்தத் தேடல்முறையும் மற்றதிலும் மேலானதன்று என்று காட்டியது. கேள்வியின் இயல்பை அறிந்து முறையைத் தெரிதல் வேண்டும் என்பதே அதன் பொருள். அதனாலேயே, பிரான்சின் அணுமின் நிலையங்களை எரிபொருள் மாற்ற நிறுத்தும் நாட்களைக் குறிக்கும் கேள்வி 2010 இலும், அந்நாட்டு மின்பாதைகளின் பராமரிப்புக் கேள்வி 2020 இலும் பன்னாட்டு ஆராய்ச்சியாளருக்குப் போட்டியாக வைக்கப்பட்டபோது, பங்குபற்றியோர் பல்வேறு முறைகளைக் கையாண்டனர்.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. தகுதியை அளக்கும் விதியை எழுதுபவன் மனிதன். அவன் எதை எழுத மறந்தானோ அதைக் கணினி அறியாது. ஒரு நிபந்தனை விடுபட்டால், அந்த இடைவெளி வழியே செலவைக் குறைக்கும் அட்டவணையைக் கூர்ப்பு தவறாமற் கண்டுபிடித்துவிடும். வேலியில் ஓட்டை எங்கே என்று ஆட்டுக்குத் தெரிவதுபோல, அதற்கு அது தெரிந்துவிடும்.

2003 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் திகதி மாலை 6.20 மணியளவில் இலண்டன் மாநகரின் தென்பகுதி இருளில் ஆழ்ந்த நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். அப்பகுதி வலையிற் சில இணைப்புகள் திட்டமிட்ட பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தன. அது கோடைகாலம், திட்டத்தின்படி அதிற் பிழையில்லை. அவ்வேளையில் ஹேர்ஸ்ற் உபமின்நிலையத்திலே நிலைமாற்றி ஒன்றிலிருந்து எச்சரிக்கை ஒலிக்கவே, பொறியியலாளர் அதை வலையிலிருந்து விலக்கினர். அதன் சுமை வேறொரு பாதையில் ஏறியது. அப்பாதை அச்சுமையைத் தாங்கவல்லதே. ஆனால் அங்கே 5 அம்பியர் தரமுள்ள காப்புச் சாதனம் இருக்கவேண்டிய இடத்தில் 1 அம்பியர் தரமுள்ள சாதனம் பொருத்தப்பட்டிருந்தது. இயல்பான சுமையை அது பழுதென்று எண்ணிப் பாதையைத் துண்டித்தது. 724 மெகாவாற்று வழங்கல், அதாவது அவ்வேளை இலண்டன் பெற்றுக்கொண்டிருந்த மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, அற்றுப்போயிற்று. 40 நிமிடத்துக்குள் மின்சாரம் மீண்டது; எனினும் வீடு திரும்பிக்கொண்டிருந்த பல்லாயிரவர் புகையிரதங்களிலும் நிலக்கீழ் நிலையங்களிலும் அகப்பட்டுக்கொண்டனர். அட்டவணையில் எந்தத் தவறும் இல்லை. அட்டவணை நம்பியிருந்த தகவலிலேதான் தவறு இருந்தது. பொருத்தப்பட்ட சாதனம் சரியானதா என்று சென்று பார்க்கும் வேலையை எந்த நெறிமுறையும் மனிதனுக்காகச் செய்துவிடாது.

இலங்கைக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. நுரைச்சோலையிலுள்ள லக்விஜய அனல் மின்நிலையத்தில், ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று பொறிகள் உண்டு. முதலாவது 2011 இலும், ஏனையவை 2014 இலும் வழங்கலில் இணைந்தன. நாட்டின் உச்ச மின்கேள்வி 2,500 மெகாவாற்றைத் தாண்டியுள்ளது. எனவே, ஒரு பொறியை நிறுத்துவது என்பது உச்சத்தேவையில் பத்திலொரு பங்கினும் சற்று மேலானதை எடுத்துவிடுவதாகும். அயல் நாட்டிலிருந்து மின்சாரம் பெறுவதற்குக் கடல் கடந்த இணைப்பும் இதுவரை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலையில் நிலக்கரி இறக்குதல் தடைப்படும். ஆனால் அதே மாதங்களில் மவுசாகலை, காசல்றீ நீர்த்தேக்கங்களுக்கு மழை கிடைக்கும். மன்னார்த் தீவின் காற்றாடிகளும் வேகமாகச் சுழலும். ரந்தெனிகலை போன்ற நீர்த்தேக்கங்களோ வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்து நிற்கும். கரி, நீர், காற்று ஆகிய மூன்றின் காலங்களையும் ஒருங்கே நோக்கி, பொறிகளுக்கு ஓய்வுநாள் குறித்தல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் சென்ற ஆண்டின் அட்டவணை உதவாது. கணினியைக் கொண்டு மீண்டும் மீண்டும் புதிய அட்டவணை காணும் ஆற்றல் பயன்படும் இடம் இதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணையிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கின்றான். குறித்த நாளில், குறித்த மணியில், மின்பாதை மூடப்பட்டுவிட்டது என்ற வாக்கை நம்பி, உயர்ந்த கோபுரத்தின் மேல் ஏறிக் கம்பியிற் கைவைப்பவன் அவன். வீடுகளில் விளக்கு அணையாதபடியும் அவன் பத்திரமாகக் கீழே இறங்கி வரும்படியும் நாள் குறிப்பதே இக்கலையின் முழு நோக்கமாகும். ஆயிரம் தலைமுறை கண்ட அட்டவணையாயினும், அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பொறியியலாளர், ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்து, தம் கையொப்பத்தை இட்டாக வேண்டும்.